பழைய டர்போ டீசல் காரில் பிக்கப் இல்லையா? டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் காரில் பிக்கப் குறைந்துவிட்டது என்று சொன்னதுமே பெரும்பாலும் வரும் தீர்ப்பு, "டர்போ போச்சு" என்பதுதான். (டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்.) அதை நம்பி டர்போவை மாற்றிய பிறகும் வண்டி முன்பு போலவே மந்தமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. டர்போ கெடவே கெடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸ், அடைத்துப்போன டீசல் ஃபில்டர், கரி பிடித்த ஈஜிஆர் வால்வு (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் வால்வு) என்று சாதாரண கோளாறுகள் எல்லாமே வெளியே டர்போ கெட்ட மாதிரியேதான் தெரியும். அவற்றை ஒன்றொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியாகத்தான் டர்போ பக்கம் போக வேண்டும். எந்த வரிசையில் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காமன் ரெயில் இன்ஜினும் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில், அதாவது ரெயிலில், டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை) இசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். அதைவிடப் பழைய, மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிக்கும் ஸ்கேனர் பகுதியைத் தவிர மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். டீசல் இன்ஜினில் சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவுதான். ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று வேண்டும். நடைமுறையில் அதைவிடத் தாராளமாகக் காற்று இருந்தால்தான் கரும்புகை வராது. அதனால் காற்று எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்த டீசலை மட்டுமே இசியு விடும். காற்று குறைந்தால் டீசலையும் குறைத்துவிடும். வண்டி இழுக்காது, ஆனால் புகையும் வராது. காற்று குறைந்தது இசியுவுக்குத் தெரியாமல் போனால், டீசல் வழக்கம்போல் இறங்கும், காற்று போதாது, பின்னால் கரும்புகை கிளம்பும். புகை வருகிறதா இல்லையா என்பதை வைத்தே பாதி தேடலை முடித்துவிடலாம்.

பானெட்டைத் திறக்கும் முன்

கோளாறு எப்போது வருகிறது என்பதைத் துல்லியமாகக் கவனியுங்கள். எல்லா வேகத்திலும் மந்தமா, ஆர்பிஎம் ஏறிய பிறகு மட்டும் மூச்சு முட்டுகிறதா? மேட்டில் அழுத்தி ஓட்டும்போது திடீரென்று சக்தி அறுந்து, வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிடுகிறதா? கடைசியாக டீசல் போட்ட பிறகுதான் ஆரம்பித்ததா? அழுத்தும்போது "புஸ்" என்ற சத்தமோ, வழக்கத்துக்கு மாறான விசிலோ கேட்கிறதா? இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் போனாலும் "பிக்கப் இல்லை" என்ற ஒற்றை வரியைவிட இந்தத் தாள் பல மடங்கு உதவும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே பழைய டர்போ டீசல் எதுவுமே பெரிதாக இழுக்காது. அது கோளாறு இல்லை.

அடுத்தது, இன்ஜின் மேல் பழி போடும் முன் மற்றவற்றை விடுவிக்க வேண்டும். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் விறுவிறுவென்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றையும் பாருங்கள். ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் தடித்த மேட் மடங்கிக் கிடந்து, பெடல் கடைசி வரை போகாமல் இருப்பதும் உண்டு. கேட்டால் அற்பமாகத் தோன்றும், ஆனால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கோளாறுக் கோடு சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

ஓபிடி ஸ்கேனர் ஒன்று, அதாவது இசியு பதிந்து வைத்த கோளாறுக் குறியீடுகளை (கோடு) படிக்கும் கருவி, கையில் வேண்டும். கோடு மட்டும் படிக்கும் மலிவான கருவியைவிட, ஓடும்போது அளவுகளைக் காட்டிப் பதிவு செய்யும் கருவி நல்லது. செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் சேமிக்கப்பட்ட கோடு இருக்கலாம். அழிக்கும் முன் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி பார்க்கக்கூடியவை சில. பி0299 என்றால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், போதவில்லை. பி0234 என்றால் பூஸ்ட் மிஞ்சிவிட்டது. பி0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. பி0101 காற்றளவு சென்சார் காட்டும் எண் நம்பும்படி இல்லை என்கிறது. பி0401, பி0402 ஈஜிஆர் ஓட்டம் பற்றியவை. இவை எதுவும் "இந்தப் பாகத்தை மாற்று" என்று சொல்வதில்லை. பி0299 வந்தால் டர்போ கெட்டது என்று பொருளில்லை. எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று நாம்தான் தேட வேண்டும்.

ஓட்டிப் பார்த்து அளப்பது

முழு வேலைக்கும் உயிர்நாடி இந்தச் சோதனைதான். இதை நன்றாகச் செய்துவிட்டால் மீதித் தேடல் பாதியாகக் குறையும்.

இசியு ஒவ்வொரு கணமும் "இவ்வளவு பூஸ்ட் வேண்டும், இவ்வளவு ரெயில் அழுத்தம் வேண்டும்" என்று கேட்கிறது. உண்மையில் கிடைப்பதைச் சென்சார்கள் சொல்கின்றன. கேட்டதையும் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சோதனை.

இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பூஸ்ட் சென்சாரின் எண்ணைப் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் அது ஏறத்தாழ 1,000 மில்லிபார் காட்ட வேண்டும். மலைமேல் இருந்தால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் நூறு குறையும். இந்த எண்ணே தப்பாக இருந்தால் சென்சாரையோ அதன் ஒயரையோதான் முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகள் இந்த எண்ணை வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். ஆகவே 2,000 மில்லிபார் என்று பார்த்தால் டர்போ கொடுப்பது அதில் ஆயிரம்தான்.

பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலைக்குப் போங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது. மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து பெடலை முழுதாக அழுத்தி, 3,500 வரை போனதும் பெடலை விடுங்கள். கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், கேட்ட ரெயில் அழுத்தம், கிடைத்த ரெயில் அழுத்தம், காற்றின் அளவு, பெடல் சதவீதம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள்.

பதிவை இப்படிப் படிக்கலாம். கிடைத்த பூஸ்ட் கேட்டதைவிடக் கீழேயே கிடந்தால், காற்றுக் கசிவு, வேக்குவம் (டர்போவின் கட்டுப்பாட்டை இயக்கும் உறிஞ்சு விசை), ஈஜிஆர், புகைப்பாதை ஆகியவை சந்தேகத்துக்கு வரும். கிடைத்தது கேட்டதை மீறித் துள்ளி, உடனே சக்தி அறுந்தால், டர்போவின் உள் இறக்கைகளோ அவற்றை அசைக்கும் கட்டுப்பாடோ சிக்கிக்கொள்கிறது. பூஸ்ட் சரியாக இருந்து ரெயில் அழுத்தம் சரிந்தால் டீசல் பக்கம் போக வேண்டும். இரண்டும் கேட்டபடியே கிடைக்கிறது, ஆனாலும் வண்டி மந்தம் என்றால், இசியு கேட்பதே குறைவாக இருக்கலாம். அப்போது காற்றளவு சென்சாரும் பெடல் சென்சாரும் லிம்ப் மோடும் (கோளாறு கண்டால் இசியு தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை) சந்தேகத்துக்குரியவை. பெடலை முழுதாக அழுத்தியும் ஸ்கேனரில் எழுபது சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் வேறெங்கும் தேடத் தேவையில்லை.

காற்றுப்பாதை

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அழுக்கு மட்டுமல்ல, உறிஞ்சு குழாய் வாயில் இலைக் குப்பையும் அடைத்திருக்கலாம். அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) போகும் ஹோஸ்களை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். இந்த ஹோஸ்கள் ஏமாற்றும். மேலே பார்த்தால் புதிது போல இருக்கும், அடிப்பக்க மடிப்பில் நீளமாகக் கிழிந்திருக்கும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது அந்தக் கிழிசல் மூடியே இருக்கும், பூஸ்ட் ஏறினால் மட்டும் உதடு பிரிந்து காற்றை விடும். அதனால் ஹோஸை மடக்கி, அழுத்தி, திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பாகத்தில் உரசித் தேய்ந்த இடம் இருக்கிறதா, கிளிப் தன் இடத்திலிருந்து நகர்ந்து பழைய தடம் மட்டும் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். அந்த எண்ணெய் நமக்கு உதவியும் செய்கிறது, கசியும் இடத்தில் வெளியே ஈரமாகக் கறுத்து, தூசி ஒட்டி நிற்கும். இன்டர்கூலரின் அடிமூலைகளில் இப்படி ஒரு கறை இருந்தால் அங்கே நிறுத்தி நன்றாகப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பாதையின் இரு முனையையும் அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். அரை பாருக்கு மேல் ஏற்ற வேண்டாம். பாதையை அடைக்கும் மூடிகள் பறந்து வந்து முகத்தில் அடிக்கும்.

இந்த வகைக் கசிவில் பெரும்பாலும் கரும்புகையும் சேர்ந்து வரும். காற்றளவு சென்சார் எண்ணிய காற்று வழியிலேயே வெளியேறிவிடுகிறது, இசியுவோ அது உள்ளே போனதாக நினைத்து டீசலை விடுகிறது. பிக்கப் குறைவு, கரும்புகை, "புஸ்" சத்தம் மூன்றும் சேர்ந்திருந்தால் நான் முதலில் கை வைப்பது ஹோஸ்களில்தான்.

சின்னச் சின்ன வேக்குவம் குழாய்கள்

பல பழைய வண்டிகளில் டர்போவின் உள் இறக்கைகளை அசைப்பது வேக்குவம். இன்ஜினோடு சுழலும் ஒரு பம்ப் வேக்குவத்தை உண்டாக்கும், மின்சாரத்தில் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வு அதை அளந்து விடும், டர்போ மேல் இருக்கும் ஆக்சுவேட்டர் அதை வைத்து ஒரு கம்பியை இழுக்கும். இந்தப் பாதை முழுக்க பென்சில் அளவுகூட இல்லாத மெல்லிய ரப்பர் குழாய்கள். இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்து, முனைகளில் வெடித்துப் போகும். டர்போ போய்விட்டதாகத் தீர்ப்புச் சொல்லப்பட்ட வண்டிகளில் எத்தனையோ, இந்தக் குழாயில் இரண்டங்குலம் வெட்டி மாட்டினால் தீர்ந்திருக்கும்.

ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, டர்போ மேல் உள்ள கம்பியைப் பாருங்கள். வேக்குவத்தில் இயங்கும் பெரும்பாலான வேரியபிள் டர்போக்களில் (இப்படி உள் இறக்கைகள் அசையும் வகை), ஸ்டார்ட் ஆனதும் கம்பி இழுபட்டு நகரும், அணைத்ததும் திரும்பி வரும். அசையவே இல்லை என்றால் ஆக்சுவேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி வேக்குவம் இருக்கிறதா என்று அளவுமானியால் பாருங்கள். பம்பிடம் நேரடியாக அளந்தால் கடல் மட்டத்தில் 0.8 பார் அளவுக்கு இழுக்க வேண்டும். பிரேக் பூஸ்டரும் இதே பம்பை நம்பித்தான் இருக்கிறது. பிக்கப் குறைந்ததோடு பிரேக் பெடலும் கெட்டியாகியிருந்தால், அது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை, சரி செய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் ஒன்று கிடைத்தால் ஆக்சுவேட்டரில் மாட்டி மெதுவாக இழுங்கள். கம்பி தடங்கல் இல்லாமல் ஒரே சீராக நகர வேண்டும், நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும். கைப் பம்பின் அளவுமானி முள் தானாக இறங்கினால் உள்ளே டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ஆனால் கம்பி தத்தித் தத்தி நகர்கிறது என்றால் இறக்கைகளில் கரி பிடித்திருக்கிறது. மேட்டில் திடீரென்று சக்தி அறுந்து, சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகும் வண்டியில் பெரும்பாலும் காரணம் இதுதான். குழாயில் வரும் காற்றழுத்தத்தால் கம்பி இயங்கும் சாதாரண வேஸ்ட்கேட் வகை வண்டிகளில் (பூஸ்ட் மிஞ்சாமல் புகையை டர்போவைத் தாண்டி விடும் கதவு உள்ளவை) கணக்கு தலைகீழ் என்பதையும் மறக்காதீர்கள். அங்கே குழாய் கழன்றால் பூஸ்ட் குறையாது, மிஞ்சிப் போகும்.

ஈஜிஆரும் காற்றளவு சென்சாரும்

ஈஜிஆர் வால்வு எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுகிறது. பெடலை முழுதாக அழுத்தும்போது அது மூடியிருக்க வேண்டும். கரி பிடித்துத் திறந்தபடியே நின்றால் நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்து, முழுதாக மூடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூடவே இன்டேக் மேனிஃபோல்டின் வாயையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசையும் கரியும் சேர்ந்து கெட்டியான தார் போலப் படிந்து, பாதையைப் பாதியாகக் குறுக்கியிருக்கலாம். ஈஜிஆரை நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புகை விதிகளுக்கு அது புறம்பாகும், சில வண்டிகளில் புதிய கோடுகளும் கிளம்பும்.

காற்றளவு சென்சார் குறைத்துக் காட்டினால் புகையே இல்லாமல் வண்டி மந்தமாகும். சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. 2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு அரை லிட்டர். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். ஆகவே டர்போ இல்லாமலே ஒரு உறிஞ்சலுக்கு அதிகபட்சம் 600 மில்லிகிராம் வரை போகலாம். முழு பூஸ்டில் அது 600-ஐ நன்றாகத் தாண்ட வேண்டும். கிடைத்த பூஸ்ட் 2,000 மில்லிபார் இருந்தும் ஸ்கேனர் 500 என்றே காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. ஐடிலில் ஈஜிஆர் திறந்திருப்பதால் எண் மிகக் குறைவாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பல பழைய வண்டிகளில் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டலாம், இசியு தன்னிடமுள்ள ஒரு உத்தேச அளவை வைத்துக்கொள்ளும். அப்படி ஓட்டும்போது வண்டி நன்றாக இழுத்தால் சென்சார் மேல் சந்தேகம் உறுதியாகும்.

டீசல் பக்கம்

ரெயில் அழுத்தம் சரிந்தால் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால், மாற்றிவிடுங்கள். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் பலமாக வந்து, அதன்பின் வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடினால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை மாட்டினால் காற்றுக் குமிழ்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். குமிழ் தொடர்ந்து வந்தால் எங்கோ ஒரு இணைப்பில் காற்று இழுக்கிறது.

இவை சரியாக இருந்தால் அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை, அதாவது டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களிலிருந்து எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று பார்ப்பது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூபையும் ஒரே அளவு பாட்டில்களில் தனித்தனியாக விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, அழுத்தத்தை வீணாக்குகிறது. எல்லாம் சமமாகக் குறைவாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால் பம்பின் அளவு வால்வும் பம்பும் மீதி. அதை டீசல் பம்ப் கடையில் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ரெயில் அழுத்தம் ஐடிலிலேயே சுமார் 250 பார் அளவில் இருக்கும். முழு அழுத்தத்தில் முதல் தலைமுறை காமன் ரெயில்களே 1,350 பார் வரை போகும், அடுத்து வந்தவை 1,600. அந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவுக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும். இன்ஜின் ஓடும்போது இரும்பு டியூப் இணைப்புகளைத் தளர்த்தக் கூடாது, கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அப்படி ஏதும் நடந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புகை வெளியேறும் வழி

உள்ளே போன காற்று வெளியே போக முடியாவிட்டாலும் வண்டி இழுக்காது. நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டர் கொடுத்தாலே ஆர்பிஎம் சோம்பலாக ஏறினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) டிபிஎஃப்போ (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்திருக்கலாம். டிபிஎஃப் உள்ள வண்டியில் அதன் முன்பின் அழுத்த வித்தியாசத்தை ஸ்கேனரில் பாருங்கள். ஐடிலில் அது சில மில்லிபார்தான் இருக்க வேண்டும். ஆனால் டிபிஎஃப் சும்மா அடைவதில்லை. தொடர்ந்து குறுகிய தூரமே ஓட்டுவது, காற்றுக் கசிவு, ஒழுகும் இன்ஜெக்டர் என்று கரியைப் பெருக்கும் காரணம் ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு டிபிஎஃப்பை மட்டும் சுத்தம் செய்தால் திரும்பவும் அடைக்கும்.

இதுவரை எதுவும் பிடிபடவில்லை என்றால் கம்ப்ரஷனையும் டைமிங்கையும் அளக்க வேண்டும். அது பட்டறை வேலை.

கடைசியாக டர்போ

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு டர்போவின் உறிஞ்சு குழாயைக் கழற்றி, நடுவில் உள்ள நட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் இலேசான அசைவு இருக்கலாம், ஆனால் இறக்கை சுற்றுச்சுவரைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் தள்ளினால் கைக்குத் தெரியும்படி அசைவே இருக்கக் கூடாது. இறக்கை நுனிகள் சில்லுச் சில்லாக உடைந்திருந்தாலோ, குழாயில் எண்ணெய் தேங்கி நின்றாலோ, நீலப் புகை வந்தாலோ, டர்போ உண்மையிலேயே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் தேங்கியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த எண்ணெயையே எரித்து இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றத் தொடங்கலாம், அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காது. ஓட்டும்போது அப்படி நேர்ந்தால், மேனுவல் கியர் வண்டியில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் இறங்கி விலகிப் போய்விடுங்கள். காற்று வாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள்.

புதிய டர்போ மாட்டுவதாக முடிவானால், பழையது ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயில் கரி அடைத்திருந்தால் புதியதும் அதே வழியில் போகும். அந்தக் குழாயை மாற்றி, திரும்பும் குழாயைச் சுத்தம் செய்து, ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிதாகப் போட வேண்டும். இன்டர்கூலரில் தங்கிய எண்ணெயை முழுதாக வடிக்க வேண்டும். மாட்டும்போது டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, கையால் சுற்றிவிட்டு, முதல் சில நிமிடம் ஐடிலில் மட்டும் ஓட விடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டு அது, எண்ணெய் வந்து சேரும் முன் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அங்கேயே தேய்ந்துவிடும். பிறகு கோடுகளை அழித்து, அதே சாலையில், அதே மூன்றாவது கியரில் மறுபடியும் பதிவு எடுத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.